மதிப்பீடு என்பது ஒற்றை எண் அல்ல

நான் பணியாற்றிய கல்லூரியில் மாணவர் சேர்க்கை, கட்டணம், தேர்வு மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒரே மென்பொருளில் இணைப்பதென்று ஒருமுறை முடிவாயிற்று. கொள்முதல் குழுவில் ஐவர் இருந்தோம். பொருளியல் கற்பிப்பவன் என்பதால் விலைப்புள்ளிகளை ஒப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு நிறுவனங்கள் விலை கூறின. 12 லட்சம் ரூபாய்க்கு, ஆறு மாதங்களில் முடித்துத் தருவதாகச் சொன்ன சிறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதுவே மிகக் குறைந்த தொகை.

பணி முடிய 20 மாதங்கள் ஆயின. செலவு 27 லட்சத்தைத் தொட்டது. கூடுதல் தொகையில் பெரும்பகுதி, மாணவியர் விடுதியின் குடிநீர்ப் பணிக்காக ஒதுக்கி வைத்திருந்த நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதித் தேர்வு எழுதியவர்கள் மதிப்பெண் பட்டியலுக்காக அலுவலக வாசலில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தனர். நிறுவனத்தை நடத்திய இரண்டு இளைஞர்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வட்டிக்குக் கடன் வாங்கினார்கள் என்பதும், அடுத்த ஆண்டே அலுவலகத்தை மூடிவிட்டார்கள் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது.

இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஓர் எண் தவறாக இருந்தது, அவ்வளவே. அந்த எண்ணை நம்பிக் கையொப்பமிட்ட ஐவருள் நானும் ஒருவன்.

இன்று இந்நிகழ்வை நினைவுகூரக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் டைடல் நியோ பூங்கா 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. உப்பு, மீன், கப்பல் சரக்கு என்று வாழ்ந்த ஊரில் மென்பொருள் எழுதும் இளைஞர்களும் இனிப் பெருகுவர். மறுபுறம், கூட்டுறவுச் சங்கம் முதல் மாநகராட்சி வரை, சிறு ஏற்றுமதியாளர் முதல் தனியார் மருத்துவமனை வரை அனைவரும் மென்பொருள் வாங்குகின்றனர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிற்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'எவ்வளவு ஆகும்?' இக்கேள்விக்கு விடை காணும் வழிகளை ஆய்வாளர்கள் ஐம்பதாண்டுகளாகத் தேடி வந்திருக்கின்றனர். அந்த ஆய்வுகள் நம் மேசைக்கு ஏன் வந்து சேரவில்லை, எவ்வாறு வந்து சேரக்கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுகள் கண்டது என்ன?

மென்பொருளைக் கண்ணால் பார்க்க இயலாது. கட்டடத்தில் கொத்தனார் எத்தனை வரிசை செங்கல் வைத்தார் என்று எண்ணிப் பார்க்கலாம். மென்பொருளில் அது எளிதன்று. ஆகவே ஆய்வாளர்கள் முதலில் தேடியது ஓர் அளவுகோலைத்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979இல் ஒரு வழி கூறினார். எத்தனை வரி நிரல் எழுதப்படுகிறது என்று பார்க்காமல், பயனர் உள்ளிடும் தகவல்கள் எத்தனை, பெறும் அறிக்கைகள் எத்தனை, கோப்புகள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதன் சிக்கலுக்கேற்பப் புள்ளிகள் வழங்கும் முறை அது. வேலை தொடங்கும் முன்பே எண்ணக்கூடியது என்பது அதன் சிறப்பு.

பாரி போம் என்ற அமெரிக்க அறிஞர் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொறியியல் பொருளியல் குறித்த நூலில், 63 திட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்து 'கோகோமோ' என்னும் சூத்திரத்தை அளித்தார். அதன் சாரம் எளியது: மென்பொருளின் அளவு இரு மடங்கானால் உழைப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது. எளிய வகைத் திட்டங்களில் இந்த மிகை சிறிது. கருவிகளோடும் கடும் விதிகளோடும் பிணைந்த சிக்கலான திட்டங்களில் உழைப்பு ஏறத்தாழ 2.3 மடங்காகிறது. தொழிற்சாலை உற்பத்தியில் அளவு பெருகினால் சராசரிச் செலவு குறையும் என்று வகுப்பில் கற்பித்து வந்த எனக்கு இது நல்ல அதிர்ச்சி.

இதற்கான காரணத்தை பிரடெரிக் புரூக்ஸ் 1975இலேயே விளக்கியிருந்தார். ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்தால் அவர்களுக்கிடையே பேசித் தீர்க்க வேண்டிய இணைப்புகள் பத்து. பத்துப் பேரானால் அவை நாற்பத்தைந்து. தாமதமான திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்ற அவருடைய முடிவு, நெருக்கடி வந்தவுடன் 'ஆளைக் கூட்டுங்கள்' என்று சொல்லும் நம் நிர்வாகப் பழக்கத்துக்கு நேர் எதிரானது.

சூத்திரம் ஊர் மாறினால்

இத்தனை சூத்திரங்கள் கிடைத்த பிறகும் சிக்கல் ஏன் தீரவில்லை? இந்த இடத்தில்தான் அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். கிறிஸ் கெமரர் என்பவர் 1987இல், முடிந்துபோன 15 பெரிய வணிகத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த நான்கு சூத்திரங்களையும் அவற்றின் மீது பொருத்திப் பார்த்தார். உண்மையான உழைப்புக்கும் சூத்திரம் சொன்ன உழைப்புக்கும் இடையே சராசரிப் பிழை, சில சூத்திரங்களில் 600 விழுக்காட்டையும் தாண்டியது. சூத்திரங்கள் பொய்யானவையல்ல. அவை வேறு நிறுவனத்தில், வேறு வகை வேலையில், வேறு மனிதர்களின் பதிவுகளிலிருந்து பிறந்தவை. தமக்குரிய பதிவுகளைக் கொண்டு அளவுகளைத் திருத்திக்கொள்ளாமல் அப்படியே பயன்படுத்தினால் அவை பயன் தருவதில்லை என்பதே அவ்வாய்வு உணர்த்திய பாடம்.

ஆய்வு நடைமுறைக்கு வரும் வழியில் நாம் தடுமாறுவது இங்கேதான். நாம் எண்ணை இறக்குமதி செய்கிறோம்; அந்த எண்ணை உருவாக்கிய பழக்கத்தை இறக்குமதி செய்வதில்லை. பாரி போமின் சூத்திரத்தைவிட மதிப்பு மிக்கது, 63 திட்டங்களின் கணக்கை அழியாமல் வைத்திருந்த அந்த ஒழுங்கு.

மனித மனத்தின் பங்கும் இதில் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் டுவெர்ஸ்கியும் 1979இல் 'திட்டமிடல் மாயை' என்ற கருத்தை முன்வைத்தனர். 2002இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கானமன் தம் சொந்த அனுபவத்தையே இதற்குச் சான்றாகச் சொல்வார். இஸ்ரேலில் ஒரு பாடநூல் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தார். இரண்டாண்டுகளில் முடியும் என்று அனைவரும் கணித்தனர். அதே குழுவில் இருந்த பாடத்திட்ட வல்லுநரிடம், 'இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று?' என்று கேட்டபோது, ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழு முதல் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டன என்று அவர் சொன்னார். அப்படியிருந்தும் குழு பணியைத் தொடர்ந்தது. நூல் முடிய எட்டாண்டுகள் ஆயின. விவரம் அறிந்தவர் அந்த அறையிலேயே இருந்தார். கேட்கும் வரை அது அவருக்கே நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வியப்பு.

பெண்ட் பிளைவ்பியார்க், அலெக்சாண்டர் பட்சியர் ஆகியோர் 2011இல் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்தனர். சராசரிச் செலவு மிகை 27 விழுக்காடு மட்டுமே. ஆனால், ஆறில் ஒரு திட்டம் மதிப்பீட்டை 200 விழுக்காடு மீறியது. சராசரியை நம்பி நடப்பவர் இந்த ஆறில் ஒன்றில் மாட்டிக்கொண்டால் மீள்வது அரிது. சராசரி ஆழம் நான்கடி என்று கேட்டு ஆற்றில் இறங்குபவரின் நிலைதான் அது.

முத்துக்குளிப்பு காட்டிய முறை

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லும் இந்த ஒழுங்கு நம் கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் படிந்திருக்கும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். ஆங்கிலேயர் காலத்திலும், விடுதலைக்குப் பின் மாநில அரசின் பொறுப்பிலும், முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் ஒரு மதிப்பீட்டு முறை கடைப்பிடிக்கப்பட்டது. குளியாட்கள் பார்களில் இறங்கிச் சிப்பிகளின் அடர்த்தியையும் வளர்ச்சியையும் பார்த்து வருவர். சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்படும். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, மதிப்பீட்டில் தேர்ந்தவர்கள் விலை சொல்வர். 'ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய்' என்பதே அளவுகோல். அந்த மதிப்பு போதாதெனில் அவ்வாண்டு முத்துக்குளிப்பு இல்லை. சிப்பி வளரக் காத்திருக்க வேண்டியதுதான்.

இம்முறையில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, ஒரு பாரின் மாதிரி அந்தப் பாருக்கே உரியது. பக்கத்துப் பாரின் எண்ணை இதற்குப் பொருத்துவதில்லை. கெமரர் கண்ட உண்மை இதுவே. இரண்டாவது, முழுச் செலவில் இறங்கும் முன் சிறு செலவில் சோதனை. மூன்றாவது, முத்துக்குளிப்பு தொடங்கிய பின்பும் மதிப்பீடு ஓய்வதில்லை. நாள்தோறும் கரைக்கு வந்த சிப்பிகள் ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. முந்தைய நாள் வாங்கிய சிப்பியில் என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்து மறுநாள் விலை ஏறியது, இறங்கியது. மதிப்பீடு ஒரு நாள் சடங்காக இல்லாமல் அன்றாட வேலையாக இருந்தது.

இந்த ஒழுங்கைக் கைவிட்டவர்களின் கதையும் இதே வளைகுடாவில் உண்டு. எதிர்க்கரையான இலங்கைப் பார்களில் 1891க்குப் பின் 1903 வரை முத்துக்குளிப்பே நிகழவில்லை. 1903இல் தொடங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் நல்ல அறுவடை. 1905ஆம் ஆண்டு அதில் உச்சம். அந்த உற்சாகத்தில், 1906இல் லண்டனில் உருவான ஒரு நிறுவனம், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகையில் இருபது ஆண்டுகளுக்கு அப்பார்களை எடுத்தது. அறிவியல் அறிவுக்கும் அப்போது குறைவில்லை. பேராசிரியர் ஹெர்ட்மன் அப்பார்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட ஆய்வறிக்கையை 1903க்கும் 1906க்கும் இடையில் வெளியிட்டிருந்தார். ஆனால், 1907க்குப் பின் பார்கள் வறண்டன. நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனது. சிப்பிகளின் வாழ்வியல் பற்றித் தெரிந்ததெல்லாம் அறிக்கையில் இருந்தது. குத்தகைத் தொகையைத் தாங்குவதற்கோ கண்முன் இருந்த நான்கு நல்ல ஆண்டுகள் தொடர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய பதினொரு வெற்று ஆண்டுகளும் கணக்கில் சேர வேண்டியவை என்பது மறந்துபோயிற்று.

நம் கரையிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு அத்தோடு நின்றது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. இயற்கைப் பார்களோ திரும்பவில்லை. சிறந்த மதிப்பீடும் எதிர்காலத்தை முழுதாகக் காட்டிவிடாது. தெரியாதது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான மதிப்பீடு.

இதே ஊரில் நாம் கண்ட சேதுசமுத்திரத் திட்டத்தை இந்த நோக்கில் மட்டும் தொட்டுச் செல்கிறேன். அதன் சமய, சூழலியல் விவாதங்கள் இங்கே என் பொருளல்ல. 2005 ஜூலை 2 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டத்தின் மதிப்பீடு 2,427.40 கோடி ரூபாய். பல்லாயிரம் கோடிக் கணக்கில் விளையாடக்கூடிய கடலடி மண்ணுக்கும் அலைக்கும், இரண்டு தசம இடம் வரை ஓர் எண். பொருளியலாளர் ஜேக்கப் ஜான் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில், கட்டுமானச் செலவும் வட்டியும் கப்பல்கள் மிச்சப்படுத்தும் நேரமும் சற்று மாறினாலும் கணக்கு எப்படித் தடம் புரளும் என்று ஆராய்ந்தார். 2009இல் தூர்வாரும் பணி நின்றபோது எழுநூறு கோடிக்கும் மேல் செலவாகியிருந்தது. வழக்கும் அரசியலும் அதை நிறுத்தின என்பது உண்மையே. ஆயினும், அத்தகைய தடைகளும் பெருந்திட்டங்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருபவைதாம். ஒற்றை எண் அவற்றுக்கு இடம் வைப்பதில்லை.

நடைமுறைக்கு ஆறு படிகள்

சரி, பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனமோ, மென்பொருள் வாங்கும் ஒரு கல்லூரியோ நாளை காலையில் என்ன செய்யலாம்? ஆய்வுகளின் சாரத்தை ஆறு படிகளாகச் சுருக்கலாம்.

ஒன்று, முதலில் எண்ணுங்கள். பிறகு விலை சொல்லுங்கள். எத்தனை உள்ளீட்டுத் திரைகள், எத்தனை அறிக்கைகள், வேறு எந்தெந்த மென்பொருளோடு இணைப்பு, பழைய பதிவேடுகளிலிருந்து எவ்வளவு தகவலை மாற்ற வேண்டும் என்று பட்டியலிடுங்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது நல்லது. இருவரின் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபட்டால் வேலையே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். எங்கள் கல்லூரித் திட்டத்தில் 30 ஆண்டுக் காகிதப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை ஒருவருமே எண்ணவில்லை.

இரண்டு, பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை மதிப்பிடுபவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நார்வே ஆய்வாளர் மாக்னே யோர்கன்சன் உள்ளிட்டோர் காட்டியபடி, முதலில் காதில் விழும் எண் நங்கூரம்போல் மனத்தைக் கட்டிவிடும். 'பத்து லட்சத்துக்குள் முடியுமா?' என்று கேட்டால், நேர்மையான பொறியாளரின் கணக்கும் பத்தைச் சுற்றியே வரும்.

மூன்று, சிறு பகுதியைச் செய்து பாருங்கள். கட்டண வசூல் என்னும் ஒரே பகுதியை மட்டும் முதலில் செய்யச் சொல்லி, அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள். எண்ணிய நாள்கள் எத்தனை, ஆன நாள்கள் எத்தனை என்று குறியுங்கள். ஆயிரம் சிப்பி எடுத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. மாதிரியே மோசமாக இருந்தால் ஒப்பந்தத்தை அங்கேயே நிறுத்த இரு தரப்புக்கும் உரிமை இருக்க வேண்டும்.

நான்கு, சொந்தப் பதிவேட்டிலிருந்து வீச்சைக் கணக்கிடுங்கள். இதற்கு உயர்கணிதம் தேவையில்லை. ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொள்வோம். அது இதுவரை முடித்த பத்து வேலைகளில், உண்மைச் செலவை மதிப்பீட்டால் வகுத்தால் வரும் விகிதங்களை ஏறுவரிசையில் எழுதுவோம்: 0.9, 1.0, 1.1, 1.1, 1.2, 1.3, 1.4, 1.6, 1.9, 2.5. நடுவில் நிற்பது 1.25. எட்டாவது இடத்தில் இருப்பது 1.6. இப்போது புதிய வேலைக்குப் பொறியாளர் 10 லட்சம் என்று மதிப்பிட்டால், சொல்ல வேண்டிய விடை இது: '12.5 லட்சத்துக்குள் முடிவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 16 லட்சத்துக்குள் முடிவதற்குப் பத்தில் எட்டு வாய்ப்பு. 25 லட்சம் ஆவதற்கும் சிறு வாய்ப்பு உண்டு.' நிறுவனம் எழுத வேண்டியது 16. வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டியது 25. பொறியாளர் சொன்ன 10ஐ நம்பிக் கையொப்பமிட்டால், இந்தப் பத்து வேலைகளில் இரண்டில் மட்டுமே தப்பியிருப்போம்.

ஐந்து, மதிப்பீடு, இலக்கு, வாக்குறுதி மூன்றையும் பிரித்து எழுதுங்கள். மதிப்பீடு என்பது நிகழக்கூடியதைப் பற்றிய கணிப்பு. இலக்கு என்பது நம் விருப்பம். வாக்குறுதி என்பது சட்டப் பொறுப்பு. கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்பது இலக்குக்கான காரணம். ஜூனில் முடிந்துவிடும் என்பதற்கான சான்று அல்ல. நம் கூட்டங்களில் மேலதிகாரியின் விருப்பம் மாலைக்குள் மதிப்பீடாகி, மறுநாள் வாக்குறுதியாகிவிடுகிறது.

ஆறு, ஒவ்வொரு கட்டத்திலும் மறுமதிப்பீடு செய்யுங்கள். முடிந்ததும் உண்மைக் கணக்கைப் பதிவு செய்யுங்கள். தொடக்க நிலையில் மதிப்பீடு நான்கு மடங்கு வரை மேலோ, நான்கில் ஒரு பங்கு வரை கீழோ தவறக்கூடும் என்று பாரி போம் குறிப்பிட்டார். தேவைகள் தெளிவாகத் தெளிவாக அந்த இடைவெளி குறுகும். முதல் நாள் எண்ணையே கடைசி நாள் வரை கட்டிக்கொண்டு அழுவது, நேற்றைய ஏல விலைக்கே இன்றைய சிப்பியையும் கேட்பது போன்றது. முடிந்த வேலையின் கணக்கை எழுதி வைக்காவிட்டால் நான்காவது படிக்கு அடிப்படையே இல்லாமற் போகும்.

எழக்கூடிய மறுப்புகள்

'16 லட்சம் என்று சொன்னால் வேலை எனக்குக் கிடைக்காது. 10 என்று சொல்பவருக்குப் போய்விடும்' என்று ஓர் இளம் தொழில்முனைவோர் கேட்பார். நியாயமான கேள்வி. பொருளியலில் இதனை 'வென்றவரின் சாபம்' என்பர். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971இல் இதை விளக்கினர். பலர் ஒரு பொருளை மதிப்பிடும்போது சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் தவறுவர். ஏலத்தில் வெல்பவர் அதிகமாகத் தவறியவர். ஒப்பந்தப்புள்ளியில் இது தலைகீழாகும். செலவை மிகக் குறைவாகத் தவறி மதிப்பிட்டவரே வெல்வார். எனவே, குறைந்த விலையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் திறமையானவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கணக்கில் பிழை செய்தவரைத் தேடிப் பிடிக்கிறார். எங்கள் குழு செய்தது அதைத்தான்.

இதைத் திருத்தும் பொறுப்பு வாங்குபவரைச் சேர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொது நிதி விதிகள், தகுந்த பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோட இடம் தருகின்றன. அதனுடன், விலைப்புள்ளி அளிப்போர் தாம் முன்பு முடித்த ஐந்து வேலைகளின் மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் இணைக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். மற்ற விலைகளைவிட மிகவும் தாழ்ந்த விலை வந்தால் மகிழ்ச்சியடையாமல் ஐயம் கொள்ள வேண்டும்.

'வீச்சு கொடுத்தால் மேல் எண் வரை செலவு செய்துவிடுவார்களே' என்பது தணிக்கையாளரின் மறுப்பு. இதுவும் உண்மையே. கைக்குக் கொடுத்த பணம் செலவாகிவிடும். ஆகவே 12.5 லட்சத்தைப் பணிக்குழுவிடமும், மேலும் தேவைப்படக்கூடிய 3.5 லட்சத்தை நிர்வாகத்திடமும் வைக்கலாம். காரணம் எழுதிக் கேட்டால் மட்டுமே அது விடுவிக்கப்பட வேண்டும். பிரிட்டன் நிதித்துறை 2003 முதல், அரசுத் திட்டங்களின் மதிப்பீடுகளில் மிகை நம்பிக்கைக்காக ஒரு திருத்தத்தை வெளிப்படையாகச் சேர்க்கும்படி தன் வழிகாட்டி நூலில் கூறுகிறது. மதிப்பிடுபவர்கள் நம்பிக்கையின் பக்கமே சாய்வர் என்பதை ஓர் அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

'இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கொரு முறை சிறு சிறு பகுதிகளாகச் செய்து கொடுக்கிறோம். மதிப்பீடே தேவையில்லை' என்று சில இளைஞர்கள் கூறுவர். சிறு பகுதிகளாகச் செய்வது மூன்றாம், ஆறாம் படிகளுக்கு மிகவும் உகந்ததே. ஆனால், மாணவியர் விடுதிக்குக் குடிநீர்க் குழாய் பதிப்பதா, மென்பொருள் வாங்குவதா என்று ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய முதல்வருக்கு ஓர் எண் வேண்டும். அவருக்கு வீச்சாவது சொல்லத்தான் வேண்டும்.

ஒரு குறிப்பேடு போதும்

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சுமார் 7,056 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான வெளித் துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய பெருந்திட்டங்களுக்கு வல்லுநர் குழுக்கள் உண்டு, நாடாளுமன்றத்தில் கேள்வி உண்டு, தணிக்கை உண்டு. பத்து லட்ச ரூபாய் மென்பொருளுக்கு இவை எதுவும் இல்லை. அது தவறினால் ஒரு விடுதியில் குடிநீர் வராது. ஒரு மாணவிக்கு மதிப்பெண் பட்டியல் கிடைக்காமல் மேற்படிப்புக்கான தேதி கடந்துபோகும். இரண்டு இளைஞர்கள் கடனாளியாவர். செய்தித்தாளில் அது வராது.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகையின் முதல் குறளிலேயே செலவையும் வரவையும் பின் விளையும் ஊதியத்தையும் சீர்தூக்கிச் செய்யச் சொல்கிறார். அதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த மென்பொருளோ வெளிநாட்டுச் சூத்திரமோ அன்று. மூன்று பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும்: என்ன வேலை, எவ்வளவு என்று சொன்னோம், எவ்வளவு ஆயிற்று. இன்று தொடங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பத்து வரிகள் சேர்ந்துவிடும். அந்தப் பத்து வரிகள், இக்கட்டுரையில் நான் குறிப்பிட்ட அறிஞர்கள் அனைவரும் சேர்ந்து சொல்வதைவிடத் துல்லியமாக உங்கள் அடுத்த வேலையைப் பற்றிச் சொல்லும்.

எங்கள் கல்லூரியில் அதற்கு முன்பும் இரண்டு மென்பொருள்கள் வாங்கப்பட்டிருந்தன. இரண்டிலும் செலவு மிகுந்தது என்று அலுவலகக் கண்காணிப்பாளர் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். 'முன்பே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'என்னை யாரும் கேட்கவில்லையே, ஐயா' என்றார்.